நோட்டு யார் கையில்? வட ஆற்காட்டுப் பெண்களின் கைமாத்தும் குழுவும்

பீடி சுற்றும் பெண்களுக்கு இலைதான் பெரிய கவலை. ஆயிரம் பீடிக்கென்று ஏஜென்ட் எடை போட்டுக் கொடுக்கும் இலையில் ஓட்டை, கிழிசல், சருகு எல்லாம் கலந்திருக்கும். ஊறவைத்து வெட்டும்போதுதான் அது தெரியவரும். இலை குறைந்தாலும் கணக்கு குறையக் கூடாது, குறைந்தால் கூலியில் பிடிப்பு. கடையில் இலை வாங்கி ஈடுகட்டினால் கூலியில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வேலூர் நகரத்துப் பழைய தெருக்களிலும் இதற்குப் பெண்கள் கண்டுவைத்திருக்கும் வழி பக்கத்து வீடு. "அக்கா, ஒரு கை இலை இருந்தா குடு, அடுத்த வாரம் குடுத்துடறேன்." கொடுத்தவர் எழுதி வைப்பதில்லை, வாங்கியவர் மறப்பதும் இல்லை. சிலர் இலையாகவே திருப்புவார்கள். சிலர் கொடுத்தவருக்கு உடம்பு முடியாத நாளில் அவர் முறத்தை வாங்கித் தங்கள் மடியில் வைத்துக்கொண்டு நூறு பீடி சுற்றிக் கொடுப்பார்கள்.

இந்த வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் வேர்பிடித்தன? நகையோ பத்திரமோ கேட்காமல் சிறு கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் அதே தெருக்களுக்குள் எப்படி அவ்வளவு சுலபமாக நுழைந்தன? இரண்டு கேள்விக்கும் விடை இந்த இலைக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது. ஒருவரை ஒருவர் நம்பிக் கொடுக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே இருந்தது. சுய உதவிக் குழு அதை எழுத்துக்குக் கொண்டுவந்தது. நுண்கடன் நிறுவனம் அதையே பிணையாக எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்: பத்துப் பதினைந்து பெண்கள், ஒரு நோட்டு, ஒரு வீட்டு வாசல். உள்ளே நடப்பது வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் "பெண்களுக்குக் கடன் கிடைக்கிறது, முன்னேறுகிறார்கள்" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

வட ஆற்காடு என்ற பெயரில் இப்போது மாவட்டம் எதுவும் கிடையாது. 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆனால் எல்லைக் கல்லை மாற்றி நட்டாலும் பாலாற்றங்கரைப் பிழைப்பு ஒன்றுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றோரம் நெடுகத் தோல் பதனிடும் ஆலைகள் வந்தன. அந்தக் கழிவு நீரால் கிணறும் கழனியும் கெட்டுப்போன வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. இழப்பீட்டுக் கணக்கு நிலத்தின் சொந்தக்காரரைப் பார்த்துத்தான் போடப்படும். அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை எடுத்துக் கூலி வாங்கிய பெண்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஆறு வறண்டு, கழனி வேலையும் குறைந்தபோது ஆண்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயில் ஏறினார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள்: பீடி, ஊதுபத்தி, தீப்பெட்டி, ஆம்பூர்ப் பக்கம் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை.

இவை எல்லாமே எண்ணிக்கைக் கூலி. ஆயிரத்துக்கு இவ்வளவு, ஜோடிக்கு இவ்வளவு. தொழிற்சாலை வாசல் கிடையாது, முதலாளியின் முகமும் தெரியாது. ஒரே கம்பெனிக்குச் சுற்றும் நூறு பெண்கள் நூறு வீடுகளில் இருப்பார்கள். இந்தச் சிதறலால் கூலி உயர்வுக்குச் சேர்ந்து நிற்பது கடினம். அதனால்தானோ என்னவோ, திண்ணைக்கு இங்கே அவ்வளவு முக்கியத்துவம். மதியச் சமையல் முடிந்ததும் நாலைந்து பேர் முறத்தோடு ஒரே திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கை வேலை பார்க்கும், வாய் தகவலைக் கடத்தும். எந்த ஏஜென்ட் நல்ல பீடியையும் கழிவில் தள்ளுகிறான், அடையாள அட்டைக்கு எங்கே மனு கொடுப்பது, பிள்ளைக்குக் கல்வி உதவித்தொகை எப்போது வரும், பி.எஃப். பணம் எடுக்க என்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறும். வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் தொழிலாளர்கள் என்று ஏற்றுக்கொண்ட பீடித் தொழிலாளர் சட்டம் 1966-இலேயே வந்துவிட்டது. நல நிதிச் சட்டம் 1976-இல் வந்தது. சட்டம் வந்ததற்கும் அது ஒரு பெண்ணின் கையில் அட்டையாக வந்து சேர்வதற்கும் நடுவில் பல வருட இடைவெளி உண்டு. தொழிற்சங்கங்களோடு சேர்ந்து அந்த இடைவெளியை அடைத்ததில் திண்ணைக்கும் பங்கு இருக்கிறது.

பணத்துக்கு முன்னால் ஆள் துணை ஒன்று இருக்கிறது. வேலூர்ப் பக்கத்தில் யாருக்காவது பிரசவம், ஆபரேஷன் என்றால் முதலில் எழும் கேள்வி "துணைக்கு யார் போறா?" என்பதுதான். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு தங்கி, மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட, டாக்டர் சொன்னதைப் புரிந்து வந்து வீட்டில் சொல்ல ஒரு பெண் வேண்டும். வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போட இன்னொருத்தி. மாட்டைப் பார்த்துக்கொள்ள, வார பீடிக் கணக்கை முடித்துக் கொடுக்க வேறு ஒருத்தி. நோயாளி ஒருவர் என்றால் அவருக்குப் பின்னால் மூன்று நான்கு பெண்களின் உழைப்பு ஓடுகிறது. யாரும் இதற்குக் கூலி போடுவதில்லை.

பெண்களுக்குப் பெண் துணை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் காட்டிய ஒரு பழைய இரவு உண்டு. அதன் பலனாகத்தான் வேலூருக்கு சி.எம்.சி. என்ற அதன் பெரிய மருத்துவமனையே கிடைத்தது. 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். இளம்பெண்ணாக இருந்தபோது திண்டிவனத்தில் தகப்பனாரோடு தங்கியிருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி செய்ய வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். டாக்டரான அவர் தகப்பனார் வரத் தயாராக இருந்தார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சை தொடங்கினார். 1902-இல் பெண்களுக்கான மருத்துவமனை, 1909-இல் நர்சுகளுக்கான பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று அது வளர்ந்தது. மாணவர்களாக ஆண்களைச் சேர்த்தது 1947-இல்தான். இந்தக் கதையை ஒரு தனிப் பெண்ணின் தியாகமாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து அவர் செய்தது. தான் ஒருத்தியே எல்லாப் பெண்களுக்கும் வைத்தியம் பார்த்துவிட முடியாது என்று கண்டு, உள்ளூர்ப் பெண்களை நர்சுகளாகவும் டாக்டர்களாகவும் ஆக்கினார். பிற்காலத்தில் கே.வி.குப்பம் வட்டாரத்தில் 1977-இல் அதே மருத்துவமனை தொடங்கிய ருஷா கிராம நலப் பணியும், கிராமத்துப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கும் அந்த வழியில்தான் நடந்தது.

சரி, பணத்துக்கு வருவோம்.

குழு வருவதற்கு முன்பே சீட்டு இருந்தது, இப்போதும் இருக்கிறது. தெருவில் எல்லோரும் நம்பும் ஒரு அக்கா சீட்டுப் பிடிப்பார். பன்னிரண்டு பேர், மாதம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 12,000 சேரும். பெயர் எழுதிக் குலுக்கிப் போட்டு, வருகிற பெயருக்குப் பணம். பன்னிரண்டு மாதத்தில் எல்லோருக்கும் ஒரு முறை மொத்தமாகப் பணம் கைக்கு வரும். வட்டி இல்லை. ஏலச்சீட்டு என்றால் அவசரக்காரர் ஒரு தொகையைத் தள்ளிவிட்டு மீதியை எடுப்பார், தள்ளிய தொகையை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். இதில் என்னை எப்போதும் கவர்வது, குலுக்கலையே சில மாதம் ஒதுக்கி வைத்துவிடுவது. "இந்த மாசம் அவளே எடுத்துக்கட்டும், பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சரி என்பார்கள். விதியை யாருக்காக, எப்போது தளர்த்தலாம் என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பன்னிரண்டு பேரிடமே இருக்கிறது. பிடிக்கிறவர் ஓடிப்போனால் எல்லாமே போய்விடும் என்பதும் உண்மைதான். பதிவில்லாத சீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2022-இல் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்கள் இந்த வட்டாரத்தில் பணத்தைச் சுருட்டியபோது, தெருச் சீட்டில் சேர்த்த காசையும் அதில் கொண்டுபோய்க் கொட்டியிருந்த பெண்கள் எத்தனையோ பேர்.

அரசும் வங்கியும் உள்ளே வந்த கதை

தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கியது 1989-இல், தர்மபுரியில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் அதற்குக் கடன் கொடுத்தது. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிக் கடனோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை நாடு முழுக்கத் தொடங்கியது. தர்மபுரியில் தொடங்கிய திட்டம் 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஜவ்வாது மலையிலிருந்து மலைவாழ் பெண்கள் சேமிப்போடு கீழே இறங்கி வங்கிக்கு வந்து வரிசையில் நின்றதெல்லாம் இந்தக் காலத்துக்குப் பிறகுதான்.

குழு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. பன்னிரண்டிலிருந்து இருபது பேர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சந்தா என்றால், பதினைந்து பேர் குழுவில் மாதம் 3,000, வருஷத்துக்கு 36,000. இந்தப் பணத்தை வங்கியில் தூங்க விடுவதில்லை, உறுப்பினர்களுக்கே கடனாகக் கொடுக்கிறார்கள். இதுதான் உள்கடன். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று குழு தீர்மானித்தால் 5,000 ரூபாய் வாங்கியவர் முதல் மாதம் 100 ரூபாய் வட்டி கட்டுவார். அந்த நூறும் குழுவின் நோட்டில்தான் ஏறும். வருஷக் கடைசியில் அவருக்கும் அதில் பங்கு உண்டு. இதே அவசரத்துக்குத் தண்டல்காரரிடம் போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம் என்று சொல்லி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் வாசலில் வந்து நிற்பார்.

ஆனால் காசு மிச்சமாவதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தக் கூட்டத்தில் நடக்கிறது. கையில் இருப்பது 8,000, கேட்பவர்கள் மூன்று பேர். ஒருத்திக்கு மாட்டுக்குத் தீவனம், ஒருத்திக்கு மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஒருத்திக்கு மகன் பைக்குக்கு டியூ. யாருக்கு முதலில்? இந்தக் கேள்வியை எழுப்பி, சத்தம் போட்டு, கோபித்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு எழுந்திருக்கிறார்கள். வீட்டில் பத்து ரூபாய்ச் செலவுக்கும் கணவரைக் கேட்க வேண்டியிருந்த பெண்கள், அடுத்தவரின் தேவையை எடைபோட்டுப் பொதுப் பணத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்கும் தைரியம் இங்கே பழகியதுதான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னபோது, கடைகள் ஊருக்குள் இடம் தேடி வந்தன. 2017 கோடையில் தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் அந்தக் கடைகள் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். வேலூர் மாவட்டக் கிராமங்களிலும் அது நடந்தது. குழுக் கூட்டத்தில் பேசிப் பழகிய ஊரில் ஆள் சேர்க்கத் தனியாக யாரும் வர வேண்டியதில்லை, கூட்டம் ஏற்கெனவே கூடியிருக்கிறது.

கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நடந்த வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். வறண்டுபோன அந்த ஓடைக்காக, நூறு நாள் வேலைத் திட்டத்தில் பெண்கள் கூட்டமாக இறங்கிக் கல் தடுப்புகள் கட்டினார்கள், குழி தோண்டி உறை இறக்கி மழைநீர் பூமிக்குள் போகும் கிணறுகளை அமைத்தார்கள். 2021-இல் பிரதமர் தன் வானொலி உரையில் அதைப் பற்றிப் பேசினார். பேர் வந்தது சந்தோஷம்தான். அந்தக் கடும் வெயிலில் சிமெண்ட் உறையைக் கயிறு கட்டி இறக்கியவர்கள், அதற்கு முன்பே ஒருவருக்கொருவர் கழனி வேலையில் கை கொடுத்துப் பழகியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குழுவுக்குள் எல்லாமே நேர்த்தி என்று நான் சொல்ல மாட்டேன். நோட்டு எழுதத் தெரிந்த ஒருத்தியின் கையில் எல்லாமே போய்விடும். குழுவை நடத்தும் ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகள் இரண்டும் வருடக்கணக்கில் மாறாமல் ஒரே ஆளிடம் இருக்கும். மற்றவர்கள் சந்தாவைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கூட்டத்துக்கு வராமலேயே கையெழுத்துப் போடுவார்கள். வங்கியிலிருந்து பெரிய கடன் வரும்போது இது இன்னும் கெடுகிறது. இருபது லட்சம் வரை பிணையில்லாமல் வங்கி குழுக்களுக்குக் கடன் தரலாம். அந்தப் பணம் வந்த அன்று யாருக்குத் தேவை, எதற்குத் தேவை என்ற பேச்சே இல்லாமல் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கேட்டால் "எதுக்குச் சண்டை?" என்பார்கள். சண்டையைத் தவிர்த்த அந்த நாளிலிருந்தே குழுவின் உயிர் போகத் தொடங்குகிறது என்பது என் கருத்து. அப்புறம் அது வங்கிக்கு வசூல் செய்து கொடுக்கும் கூட்டம் மட்டும்தான்.

அதே தெரு, வேறு நோட்டு

அந்த வெற்றிடத்தில்தான் நுண்கடன் நிறுவனங்கள் வந்து உட்கார்ந்தன. அவர்கள் மேல் எல்லாக் குற்றத்தையும் போட்டுவிடவும் முடியாது. வங்கியில் ஒரு மேனேஜரைப் பார்க்கப் பத்து நடை நடந்தவருக்கு, நகையும் கேட்காமல் பத்திரமும் கேட்காமல் வீட்டு வாசலுக்கே வந்து சில நாளில் பணம் கொடுக்கிறார்கள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக் கட்டணம் கட்டியவர்களும் தையல் மிஷின் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

நடைமுறை இப்படி இருக்கும். பத்துப் பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். சேர்ப்பவர் லீடர். வாரமோ மாதமோ குறித்த நாளில் குறித்த வீட்டில் சென்டர் என்ற வசூல் கூட்டம் கூடும். டியூ கட்ட வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், அல்லது அவர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுய உதவிக் குழுவின் இரண்டு வட்டியும் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 24 சதவீதம்தான். ஆகவே வித்தியாசத்தை வட்டி விகிதத்தில் தேடக் கூடாது. வட்டி எங்கே போகிறது என்பதில் தேட வேண்டும். அங்கே உறுப்பினர்களின் பொதுப் பணத்தில் சேர்கிறது, இங்கே தெருவை விட்டு வெளியே போகிறது. இந்த நிறுவனங்கள் டெபாசிட் வாங்க முடியாது. அதனால் பெண்களுக்கென்று அந்தக் கூட்டத்தில் சேமிப்பு எதுவும் உருவாகாது. நோட்டும் அவர்களுடையது இல்லை, நிறுவனத்தின் ஊழியர் கையிலிருக்கும் டேப்லெட்டில் இருக்கிறது. யாருக்குத் தவணையைத் தள்ளிப் போடலாம், யாருக்கு இந்த மாதம் விட்டுக்கொடுக்கலாம் என்று அந்தப் பத்துப் பேர் முடிவு செய்ய முடியாது.

சீட்டில் "இந்த மாசம் அவளே எடுத்துக்கட்டும்" என்று சொன்ன அதே அக்கா, இங்கே "அவ வூட்டு வாசல்லயே உக்காருங்க, வந்துதான் ஆகணும்" என்று சொல்ல வேண்டிய இடத்துக்குத் தள்ளப்படுகிறார். சொல்லாவிட்டால் அவர் கைக்காசு போகும். ஒருவருக்கொருவர் வைத்திருந்த நம்பிக்கையின் மேல் கடன் கொடுத்து, தவணை தவறும்போது அந்த நம்பிக்கையையே வசூல் ஊழியராக வேலை வாங்குகிறார்கள். இதைவிட வருத்தமானது பேர் கொடுப்பது. ஏற்கெனவே இரண்டு மூன்று கடன் இருப்பவருக்குப் புதிதாகக் கிடைக்காது. "எனக்குத் தர மாட்டாங்க, உன் பேர்ல எடுத்துக் குடு, நான் கட்டிடறேன்" என்பார். தோழி எடுத்துக் கொடுப்பார். வாங்கியவருக்குக் கட்ட முடியாமல் போனால் கடன் எடுத்துக் கொடுத்தவர் தலையில் விடியும். இலை கொடுத்துப் பழகிய அதே மனசுதான் பேரையும் கொடுத்தது. இலை திரும்ப வராவிட்டால் ஒரு வாரக் கஷ்டம். பேர் கொடுத்தால் இரண்டு வருஷத் தவணை, கடன் வரலாற்றில் கறை, வீட்டில் சண்டை.

2020 ஊரடங்கில் ஷூ கம்பெனிகள் மூடின, பீடிக்கு இலை வரவில்லை. ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. ஆனால் அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே ஊரடங்கில் சுய உதவிக் குழுப் பெண்கள் மாஸ்க் தைத்தார்கள். தங்கள் பொதுப் பணம் இருந்த குழுக்கள் தங்களுக்குள் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பொதுப் பணம் இல்லாத சென்டர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

சில விதிகளை எல்லாப் பெண்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 2022-இல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்குப் புது நெறிமுறை கொண்டுவந்தது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணையில்லாமல் கொடுக்கும் கடன்தான் நுண்கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. வசூல், இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கடன் வாங்கியவர் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் போட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது. உறவினரையோ தோழிகளையோ தொந்தரவு செய்யக் கூடாது. 2025-இல் கடன் வசூலில் மிரட்டல், வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் தனிச் சட்டம் போட்டது. இருட்டிய பிறகும் வாசலில் உட்கார வைப்பது "வழக்கம்" என்று யாராவது சொன்னால், அது வழக்கம் இல்லை, விதிமீறல்.

ஊரும் காலனியும்

பெண்களின் ஒற்றுமையைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த இடத்தில் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். குழு ஒரு தெருவுக்குள் உருவாகிறது. இங்கே தெரு என்றால் சாதி. ஊர்த் தெருவுக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு. இரண்டும் தனித்தனியாக நன்றாக நடக்கும். இலைக் கடனும் கைமாத்தும் அந்த எல்லையைத் தாண்டுவது அபூர்வம். ஊராட்சி அளவிலான குழுக்களின் கூட்டமைப்பில்தான் இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே பாயில் உட்காரும் வாய்ப்பு வருகிறது. அங்கேயும் யார் தலைவி, யார் டீ போடுவது என்பதில் பழைய கணக்கு எட்டிப் பார்க்கும். காலை உணவுத் திட்டத்தில் பள்ளியில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழு உறுப்பினர்கள். அவர்களுடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் சமைப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்று தடுத்த பெற்றோர் தமிழ்நாட்டில் இருந்தார்கள், அதிகாரிகளே வந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தன் தெருப் பெண்ணுக்கு உயிரைக் கொடுக்கும் ஒருத்தி, பக்கத்துத் தெருப் பெண் கை பட்ட உப்புமாவை மறுக்கிறாள் என்றால் அங்கே ஒற்றுமைக்கு இன்னும் வேலை இருக்கிறது.

அந்த எல்லை கொஞ்சம் தளர்வது ஷூ கம்பெனி பஸ்ஸில்தான் என்று நினைக்கிறேன். விடியும் முன்பே கிராமம் கிராமமாக நின்று ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்கும் ராணிப்பேட்டைக்கும் போகும் பஸ்களில் ஊர், காலனி, முஸ்லிம் தெரு எல்லாப் பெண்களும் ஒன்றாக உட்காருகிறார்கள். ஒரே லைனில் தைக்கிறார்கள், ஒரே டார்கெட். ஒருத்திக்கு மாதவிலக்கு வலி என்றால் பக்கத்து மிஷின்காரி இரண்டு ஜோடி சேர்த்துத் தைத்துக் கொடுக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் குழம்பு கைமாறுகிறது. ஊருக்குத் திரும்பினால் அவரவர் தெருதான் என்றாலும், போன் நம்பர் கையில் இருக்கிறது. அவசரத்துக்கு ரத்தம் தேவை என்றால் அந்த நம்பர்களுக்குப் போன் போகிறது.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் 2016-இல் சட்டமானது. புதிதாகப் பிரிந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் அதன்படி ஊரகத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். குழுவில் நோட்டு எழுதியவர்கள், கூட்டமைப்பில் பேசிப் பழகியவர்கள் சிலர் வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் வந்தார்கள். நாற்காலியில் கணவர் உட்காரும் ஊர்களும் உண்டு. குழு உயிரோடு இருக்கும் ஊரில் அப்படி உட்காருவது கணவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் கேள்வி கேட்கப் பதினைந்து பேர் இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் குழுக்களிலெல்லாம் அதிகம் கைவிடப்படுபவர்கள் வயதான பெண்கள். பெரிய கடன் வரப்போகிறது என்றால் அறுபதைத் தாண்டிய ஆயாவைக் குழுவிலிருந்து விலக்கி மருமகளைச் சேர்க்கிறார்கள். வங்கியும் நுண்கடன் நிறுவனமும் வயதைப் பார்க்கின்றன. நாற்பது வருஷம் பீடி சுற்றி இருமலோடும் முதுகுவலியோடும் இருக்கும் பெண்கள் இவர்கள். தெருவில் பாதிப் பேருக்குப் பிரசவத் துணைக்குப் போனவர்களும் இவர்கள்தான். கை வேகம் குறைந்ததும் இலையும் கிடைக்காது, குழுவும் கிடைக்காது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதியில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிக் குழு அமைக்க இடமிருக்கிறது. அதற்கு ஐந்து பேர் இருந்தாலே போதும். ஒவ்வொரு பீடித் தெருவிலும் அப்படி ஐந்து பேரைச் சுலபமாக எண்ணிவிடலாம். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் அந்த ஊர்க் குழுப் பெண்களே எழுந்து, தங்கள் தெரு ஆயாக்களின் பேரில் தனிக் குழு வேண்டும் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுத வைக்கலாம். தீர்மான நோட்டில் என்ன எழுத வேண்டும், யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.